ஃபில்டரை மாற்றினால் போதுமா?



எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. லீவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய 1489 சி.சி. அம்பாசடருக்கு ஆயில் ஃபில்டர் எலிமெண்ட் மாற்றினேன். ஃபில்டர் ஹெட்டின் பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பர் ரிங்கை எடுக்காமலே புது ரிங்கை வைத்து போல்ட்டை முடுக்கிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியது! கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த மேஸ்திரி ஓடிவந்து ஆஃப் பண்ணினார். இல்லையென்றால் பேரிங் போயிருக்கும்.

"அடாப்டர் போட்டு ஸ்பின்-ஆன் ஃபில்டருக்கு மாறிடலாமே" என்பார்கள். நல்லதுதான், வேலை சுலபம். ஆனால் அதிலும் பழைய ரிங் ஒட்டிக்கொள்ளும். அடைத்துப்போனால் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். ஆயில் லைட்டும் எரியாது!

மேஸ்திரி கழற்றிய எலிமெண்டை விரித்து, மினுக்கும் துகள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பேரிங் தேய்வதை அதுதான் முதலில் சொல்லும். நாமோ பரீட்சைக்கு ஃபில்டர் படம் வரைகிறோம், மார்க் வாங்குகிறோம். ஒரு எலிமெண்டையாவது விரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? நம் லேபில் இதைச் செய்ய வைக்கணும். பார்ட்ஸை மாற்றுமுன் நம் பழக்கத்தை மாற்றுவோம்.

சிந்திப்போம் நண்பர்களே!