இன்மையினின்று உலகந் தோன்றுமோ?

உலகம் ஒரு கர்த்தாவையின்றி, யாதுமில்லாத சூனியத்தினின்று, குவாண்டம் அலைவினால் தானே தோன்றிற்றெனப் பௌதிக நூலின்மேல் ஏற்றிக் கூறுவாருளர். அக்கூற்று சைவ சித்தாந்தத்திற்கு மாத்திரமன்றி, அவர் சான்றாகக் காட்டும் அந்நூலுக்கும் மாறாதல் காண்க.

1973-ஆம் ஆண்டில் எட்வர்டு டிரையன் என்பார், இப்பிரபஞ்சம் வெற்றிடத்தின் ஓர் அலைவாதல் கூடுமென்றார். ஈண்டு வெற்றிடமென்றது இன்மையையன்று. புலங்கள் தம் மிகத் தாழ்ந்த ஆற்றல்நிலையில் நிற்றலையேயாம். அதற்கு நியதியுமுண்டு, அலைதற்குரிய பொருளுமுண்டு. அலையுண்டென்பார் கடலில்லையென்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இழைக்கொள்கையைப் பற்றியெழுந்த ஆதிப்பிரபஞ்சக் கொள்கைகளும் இதற்கு மாறாகா. 1989-இல் பிராண்டன்பெர்கர், வாஃபா என்னுமிருவர் ஆதியில் இழைகளாலாய வெப்ப வாயுவை வைத்தனர். 1993-இல் காஸ்பெரினியும் வெனிசியானோவும் பெருவெடிப்பிற்கு முன்னும் ஒரு நிலையுண்டெனக் கொண்டனர். முன்னையது வெப்ப அலைவையும், பின்னையது குவாண்டம் அலைவையும் வித்தாகக் கொள்ளும். வித்து வேறுபடினும், இருதிறத்தாரும் உள்பொருளினின்றே தொடங்கினர்.

அற்றேல், அலைவு இன்னபோழ்து நிகழுமென வரையறுக்கப்படாமையின் அதற்குக் காரணமின்றெனின், அறியாது கூறினார். தனித்தனி அலைவு வரையறைப்படாதாயினும், அவற்றின் தொகுதி கணக்கிற்கு உட்பட்டதே. 1992-இல் கோப் செயற்கைக்கோள் கண்ட பின்புலக் கதிர்வீச்சின் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 1,00,000-இல் ஒரு பங்கு. நியதியில்வழிக் கணக்கு யாண்டையது?

இனி, அவ்வெற்றிடமே மாயையென்றும், இழையின் அதிர்வே கூத்தப்பிரானது துடியோசையென்றும் மகிழ்ந்துரைக்கும் சைவருமுளர். அதுவும் ஏலாது. இழைக்கொள்கை இன்றுகாறும் பரிசோதனையால் நிறுவப்பட்டிலது. 2014-இல் தென்துருவத்துப் பைசெப்-2 தொலைநோக்கியார் ஆதிக்காலத்து ஈர்ப்பலைகளின் சுவட்டைக் கண்டாமென்றனர். 2015-இல் நம் விண்மீன் மண்டலத்துத் தூசியின் பங்கு கழிக்கப்படவே, அச்சான்று நில்லாதாயிற்று. ஆண்டொன்றில் மாறுங் கருதுகோளிற் சமயத்தைப் பிணிப்பார், அது வீழுங்கால் சமயமும் வீழ்ந்ததென்பார்க்கு யாது விடை கூறுவர்?

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். பௌதிகர் ஆராய்வது மண்ணின் இயல்பையே. குயவன் உளனென்றலும் இலனென்றலும் அவர் கருவிக்கு எட்டா. இல்லது தோன்றாது, சடம் தானே தொழிற்படாது, ஆகலின் கர்த்தா உண்டென்பது மெய்கண்டார் அனுமானத்தால் நிறுவிய முடிபு. அது தொலைநோக்கியால் வந்ததுமன்று. தொலைநோக்கியாற் போவதுமன்று என்க.