நாலு மில்லிமீட்டரில் நம்ம ஜீப்பின் பெயர்!

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியோடு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஏறிக்கொள்ள, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குப் போய்ச் சேரும். அதற்கு அப்பால் கேரளத்தின் ஏலத் தோட்டங்கள்.

தூரத்தில் பார்த்தால் எல்லா ஜீப்பும் ஒன்றுபோலத்தான். பக்கத்தில் வந்தால்தான் வித்தியாசம் தெரியும். முன் கண்ணாடிக்கு மேல் ஒரு சாமி பெயர், பின்னால் பிள்ளைகளின் பெயர், நம்பர் பிளேட்டில் டிஎன் 60 என்று தொடங்கும் தேனி மாவட்ட எண். 'இது நம்ம வண்டி' என்று சொல்ல வைப்பது அந்த எழுத்துகள்தான்.

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய ஜீப்பை விற்றுவிட்டு, ஆல்பத்தில் ஒரு போட்டோ மட்டும் மிச்சம் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கடையில் வாங்கிய சின்ன மாடல் ஜீப்பை அந்த வண்டியாகவே மாற்றிவிடலாம். அதற்கு உதவுவது 'வாட்டர் ஸ்லைடு டெக்கல்'.

பபிள்கம்மோடு வந்த டாட்டூவைத் தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அதைக் கவிழ்த்து ஒட்டுவோம். டெக்கலைக் கவிழ்க்க வேண்டாம். காகிதத்தின் மேல் பசை, பசையின் மேல் மெல்லிய படலம், படலத்தில் அச்சு. தண்ணீரில் பசை இளகியதும் படலம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். சாதாரண ஸ்டிக்கர் தடிமனாகத் துருத்தி நிற்கும். டெக்கலோ, காய்ந்தபின் பெயின்ட்டால் எழுதியதுபோலப் படிந்துவிடும்.

ஓர் எண் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர்க்காரரே உதாரணம். கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். அவருடைய ஜோர்டன் அணியில் இரண்டு கார்களும் ஒரே மஞ்சள் நிறம். சக வீரர் மான்டிரோவின் கார் 18, இவருடையது 19. அந்த மாடல் காரைக் கையில் எடுப்பவருக்கு இது கார்த்திகேயன் வண்டி என்று சொல்வது அந்த '19' தான்.

முதலில் அளவு

1:24 அளவு மாடல் என்றால், நிஜ வண்டியின் 24 செ.மீ. இங்கே 1 செ.மீ. நிஜ ஜீப்பில் 10 செ.மீ. உயர எழுத்து, மாடலில் சுமார் 4 மி.மீ. 340 x 200 மி.மீ. நம்பர் பிளேட், 14 x 8 மி.மீ. ஆகிவிடும்.

இந்த அளவில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. புள்ளி காணாமல் போகும். 'வேல்முருகன் துணை' என்பது 'வேலமுருகன துணை' ஆகிவிடும். அதனால் முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் தடிமனான எழுத்துருவுக்கு மாறுங்கள்.

வீட்டு பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், வெள்ளை டெக்கல் தாளில் சுற்றிலும் வண்டியின் நிறத்தை அச்சிட்டு, எழுத்தை மட்டும் காலியாக விட வேண்டும். மஞ்சள் நம்பர் பிளேட்டுக்கும் வெள்ளைத் தாள்தான் சரி. நிறமில்லாத தாளில் அச்சிட்டால், அடர் நிற வண்டியில் மஞ்சள் மங்கிவிடும்.

இன்க்ஜெட் பிரின்டரில் அச்சிட்டால், மேலே கிளியர் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு, மூன்று முறை அடித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீரில் மை கரைந்துவிடும். ஒரே பெயரை மூன்று பிரதி எடுத்து வைப்பது நல்லது.

ஒட்டும் முறை

* ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பெயின்ட்டில் காற்று சிக்கி, டெக்கலுக்கு அடியில் வெள்ளி பூத்ததுபோலத் தெரியும். முதல் நாளே பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள்.

* எழுத்தை ஒட்டியபடி கூரான பிளேடால் வெட்டுங்கள். பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் கூட இருக்கட்டும்.

* வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 20 விநாடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வையுங்கள். தானாகக் கழன்று மிதக்கும்வரை ஊறவிட்டால் பசையும் போய்விடும். உப்புத் தண்ணீர் கறை விடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது.

* வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அதன்மேல் தாளோடு வையுங்கள். டெக்கலை இழுக்காதீர்கள், பிரஷ்ஷால் அதைப் பிடித்துக்கொண்டு, அடியிலிருக்கும் தாளை நகர்த்துங்கள்.

* இடம் சரியானதும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக ஒற்றுங்கள். சுருங்கினால் பதறாமல் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டால் விரிந்துவிடும். குமிழி இருந்தால் ஊசி முனையால் குத்தி, மறுபடி ஒற்றுங்கள்.

ஓர் இரவு காயட்டும். மறுநாள் ஈரத்துணியால் பசைக் கறையைத் துடைத்து, மேலே கிளியர் வார்னிஷ் அடித்தால் வேலை முடிந்தது. ஆனால், மலையில் சாரலும் மூடுபனியும் இறங்கும் நாளில் ஸ்பிரே வேண்டாம். காற்றின் ஈரத்தால் வார்னிஷ் பால்போல வெளிறிவிடும். வெயில் வந்த மதியம்தான் சரியான நேரம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அச்சிடப் போகும் எழுத்துகளை அந்த ஜீப்பை ஓட்டியவரிடம் காட்டிக் கேளுங்கள். போட்டோவில் இருப்பது வண்டியின் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் யார் பெயர் எழுதியிருந்தது, எந்த நிறத்தில் இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டெக்கல் தாள் எப்போதும் கடையில் கிடைக்கும்.