‘என்னால் ஏலாது’ என்று சொல்லும் மிருக வைத்தியர்

திருகோணமலையில் ஒரு நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தால் பெயர் அன்றைக்கே வைக்கப்பட்டுவிடும். அதை எந்த வைத்தியரிடம் காட்டுவது என்ற கேள்வி மட்டும், அது சத்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிற ஒரு இரவு வரை யாருக்கும் வருவதில்லை. அந்த நேரத்தில் தெரிவு செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது. யார் தொலைபேசியை எடுக்கிறாரோ அவர்தான் வைத்தியர். கொழும்பில் இருப்பவர் நாலு இடத்தை விசாரித்து, கட்டணம் கேட்டு, மனதுக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம். உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருப்பவருக்கு அந்த வசதி குறைவு. இருக்கிற ஓரிரண்டு இடங்களில் எதை நம்புவது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. நம்புவதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: தன்னால் எது முடியாது என்பதை அந்த இடம் நேரத்தோடு சொல்கிறதா?

ஏன் இங்கே இவ்வளவு குறைவு என்பதற்குக் காரணம் உண்டு. அரச மிருக வைத்தியம் இந்த நாட்டில் பாலுக்கும் இறைச்சிக்கும் முட்டைக்குமாகக் கட்டப்பட்டது. 13ஆவது திருத்தம் கால்நடை வளர்ப்பை மாகாணத்தின் கையில் கொடுத்தது. பிரதேச செயலகப் பிரிவுகளை ஒட்டி அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. அவற்றின் முதல் பொறுப்பு கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து மாடுகளும் எருமைகளும் ஆடுகளும்தான். 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. அந்த வாரத்தில் தன் பொமரேனியனுக்கு வயிற்றோட்டம் என்று போய் ஒருவர் காத்துக் கிடந்திருந்தால், வைத்திய அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் அந்த மாடுகளில் நிற்கிறது.

இந்த நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் தருவது பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அங்கிருந்து வருகிறவர்களில் அரச வேலைக்குப் போகும் பலர், கடமை நேரம் முடிந்த பிறகு தனியாகவும் பார்க்கிறார்கள். பகலில் வெயிலில் மாட்டுப் பட்டிகளைச் சுற்றியவரே பின்னேரம் உங்கள் பூனையைத் தூக்கிப் பார்க்கிறார். அவர் களைத்துப் போயிருப்பார், அவசரப்படுவார். அதையும் கணக்கில் வைத்துத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி சங்கடமானது, ஆனால் கேட்க வேண்டியது: இவர் வைத்தியர்தானா? 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மிருக வைத்தியம் செய்கிறவர் இலங்கை கால்நடை வைத்திய சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கிராமப் பக்கத்தில் மாட்டுக்குச் சினைப்படுத்தும் ஊசி போட வருகிற கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நம் ஆட்கள் ‘டொக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். நாயின் வயிற்றைத் திறந்து கருப்பையை எடுப்பது அவர் வேலை அல்ல.

அடுத்தது நுணுக்குக்காட்டி. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரில் மாட்டிய வெளிநாட்டு நாய்ப் படம் எல்லாவற்றையும் விட, மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்து அது பாவனையிலும் இருந்தால் அந்த இடத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். இந்தத் தீவின் நாய்களைப் படுத்துகிற நோய்களில் முக்கியமானது உண்ணிக் காய்ச்சல். பபேசியா கிப்சோனி என்ற நுண்ணுயிர் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. நாய் சாப்பாட்டை விடும், முரசு வெளிறும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்த்தால் பல வேளை கிருமியையே கண்ணால் காணலாம். உண்ணி எர்லிக்கியா என்ற இன்னொரு நோயையும் தரும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், மருந்து வேறு. பபேசியாவுக்குக் கொடுக்கும் டிமினசீன் அளவு தப்பினால் மூளையைத் தாக்கக்கூடியது. ஆகவே இரத்தத்தையும் பார்க்காமல், நாயை நிறுத்தும் பார்க்காமல், ‘காய்ச்சல்தானே’ என்று ஊசியை ஏற்றுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. தராசு இல்லாத கிளினிக்கில் மருந்தின் அளவு வெறும் ஊகம்.

இதில் நம் பங்கும் உண்டு. ‘ஒரு ஊசி போட்டார், எழும்பி ஓடிட்டுது’ என்பதுதான் நம்மூரில் வைத்தியருக்குக் கிடைக்கிற உச்சப் பாராட்டு. ஸ்டீரொய்ட் ஊசி பல நோய்களில் மிருகத்தை ஓரிரு நாள் எழுப்பி நடக்க வைக்கும், சாப்பிடவும் வைக்கும். உள்ளே நோய் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். சோதனைக்குப் பணம் கேட்கும் வைத்தியரைப் பேராசைக்காரர் என்றும், ஊசிக்கு மட்டும் வாங்குகிறவரை நல்ல மனுசன் என்றும் சொல்லிச் சொல்லி, ஊசி வைத்தியத்தை வளர்த்தது நாம்தான்.

தடுப்பூசி விசயத்தில் பிரிட்ஜைப் பற்றிக் கேளுங்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. அந்த நாட்களில் ஜெனரேட்டரோ ஐஸ் பெட்டியோ இல்லாத இடங்களில் இருந்த தடுப்பூசிகளின் கதியை நினைத்துப் பார்க்கலாம். கெட்டுப்போன தடுப்பூசி பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும், அதன் லேபலும் அட்டையில் ஒட்டப்படும், குட்டி மட்டும் பார்வோ என்ற வைரசு நோய் வந்து சாகும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். திருகோணமலை வெயிலில் அது மிக நியாயமான கேள்வி.

தடுப்பூசி அட்டையை நாம் ஒரு சம்பிரதாயக் கடதாசியாக நினைக்கிறோம். உங்கள் நாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்த அன்றுதான் அதன் பெறுமதி தெரியும். 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இரண்டு இலக்கத்துக்குள் இறங்கியிருப்பது பெரும்பாலும் நாய்த் தடுப்பூசியால்தான். கடிபட்டவர் எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அங்கே அவருக்கு உடனே ஊசி தொடங்குவதா, நாயை 14 நாள் கட்டிவைத்து அவதானிப்பதா என்று முடிவெடுக்கும்போது வைத்தியர் அட்டையைக் கேட்பார். அவர் அதில் தேடுவது: இரண்டு வருடத்துக்கு மேற்படாத இடைவெளியில் குறைந்தது இரண்டு ஊசி, அதில் கடைசி ஊசி கடந்த ஒரு வருடத்துக்குள், இதற்கு எழுத்தில் ஆதாரம். திகதி, மருந்தின் தொகுதி இலக்கம், கையொப்பம், முத்திரை எதுவும் இல்லாமல் வெறும் சரி அடையாளம் போட்டுத் தரும் கிளினிக் உங்களை அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடும் ஊசிக்கும் அட்டை கேட்டு வாங்குங்கள்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். அதை உடைக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, ஒரு குளிசையே கொன்றுவிடும். இதைத் தானாகவே எடுத்துச் சொல்கிற வைத்தியர் பூனை பார்த்துப் பழகியவர் என்று ஊகிக்கலாம். காத்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள்: பார்வோ வந்த குட்டியும் முதல் ஊசிக்கு வந்த குட்டியும் ஒரே தரையில் படுத்திருந்தால், தரையை எதால் கழுவுகிறீர்கள் என்று கேட்கலாம். அந்த வைரசு மாதக்கணக்கில் தரையில் கிடக்கும், சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது, குளோரின் வேண்டும். முறை வரும்வரை உங்கள் குட்டி மடியிலேயே இருக்கட்டும்.

இனி ‘ஏலாது’ என்ற சொல்லுக்கு வருவோம். உடைந்த தொடை எலும்பு, வயிற்றில் சிக்கிய பொருள், சிறுநீர் அடைத்த ஆண் பூனை இவற்றுக்கெல்லாம் எக்ஸ்ரேயும் ஸ்கானும் மயக்க மருந்து கொடுக்க ஒரு துணையாளும் வேண்டும். எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டுமென்றால் பேராதனைப் போதனா மிருக வைத்தியசாலை நினைவுக்கு வரும். சுமார் 180 கிலோமீட்டர், வானில் நாலைந்து மணித்தியாலம். இந்தத் தூரம்தான் நேரத்தை விலை உள்ளதாக்குகிறது. முதல் நாளே ‘இது என்னால் ஏலாது, கொண்டு போங்கோ’ என்று சொல்லி, என்ன மருந்து, எவ்வளவு, எப்போது கொடுத்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முடிந்தால் அங்கே ஒரு அழைப்பும் எடுக்கிறவர் மிருகத்தைக் காப்பாற்றுகிறார். மூன்று நாள் சேலைன் ஏற்றிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கைவிரிப்பவர் அந்த 180 கிலோமீட்டரை வீணாக்குகிறார். அவர் கெட்டவர் என்றில்லை. ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது, ஏனென்றால் ஊர் அப்படித்தான் சொல்கிறது.

ஆகவே குட்டி சுகமாக இருக்கும்போதே ஒரு தடவை கொண்டு போய் நிறுத்துப் பார்த்து, நேராகக் கேளுங்கள்: இரவில் பாம்பு கடித்தால் யாரைக் கூப்பிடுவது? சத்திர சிகிச்சை செய்தால் அன்றிரவு பக்கத்தில் யார் இருப்பார்? எந்தெந்த நோய்க்கு நீங்கள் வெளியே அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘எல்லாம் நானே பார்ப்பேன்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

தனி ஆள் விசாரித்து அடையக்கூடியது இவ்வளவுதான். மிச்சம் மாகாணத்தின் வேலை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு மூதூர் வரை பாதை ஒழுங்காகிவிட்ட நிலையில், ‘பாதை’ எனப்படும் படகில் ஏறிக் கடல் கடந்து வந்த காலம் அந்த வழியில் முடிந்துவிட்டது. நகரில் ஒரு இரவுச் சேவை இருந்தால் நிலாவெளியிலிருந்து மூதூர் வரை அது பயன்படும். புதுக் கட்டடம் தேவையில்லை. இருக்கிற அரச அலுவலகம் ஒன்றை இரவில் திறந்து, மாவட்டத்தின் அரச, தனியார் வைத்தியர்கள் முறை வைத்து இருந்து, கட்டணமும் அறவிடலாம். நாய் வளர்ப்பவர்களின் ஆடம்பரக் கோரிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நடு இரவில் குட்டி வெளியே வராமல் துடிக்கிற ஆடும், பொலித்தீன் தின்று வயிறு ஊதிய பசுவும் அதே கதவைத்தான் தட்டும். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்களுக்கும் அதே பொலித்தீன்தான் எமன். அவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு என்றாலும், வேண்டிய மேசையும் விளக்கும் ஒன்றுதான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. இப்போதைக்கு இந்தக் கோரிக்கை போய்ச் சேர வேண்டிய முகவரி ஆளுநர் செயலகம். அது இதே நகரில்தான் இருக்கிறது.