வலிக்கிறவரிடம் போய் "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்கிறவர்கள்

கையில் டிரிப்ஸோடு ஒருவர் படுத்திருக்கிறார். சபையில் இருந்து நாலு பேர் பார்க்க வருகிறார்கள். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், கூடவே ஒரு வசனம். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க பிரதர், எல்லாம் சரியாயிடும்." பத்து நிமிஷத்தில் கிளம்பி விடுகிறார்கள்.

படுத்திருப்பவர் என்ன செய்வார்? வலிக்கிறது என்றால் விசுவாசக் குறைவு. அழுதால் முறுமுறுப்பு (வனாந்தரத்து இஸ்ரவேலர் கதையை உடனே எடுத்து விடுவார்கள்!). அதனால் சிரித்து வைக்கிறார். அவர்கள் போனதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக் கொள்கிறார்.

எசேக்கியா ராஜா செய்ததும் அதுதான். சாகும் அளவுக்கு வியாதி வந்தபோது சுவர்ப்புறம் திரும்பி அழுதான். "ஏன் எனக்கு நன்றி சொல்லவில்லை?" என்று கடவுள் அவனைக் கேட்கவில்லை. கண்ணீரைப் பார்த்ததாகச் சொல்லி, ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். ஏசாயா வந்து பிரசங்கம் பண்ணவில்லை, கட்டியின் மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். அந்தக் காலத்து மருந்து!

இவர்கள் சொல்லும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. அதில் இருப்பது 'எல்லாவற்றிலும்'. 'எல்லாவற்றுக்காகவும்' அல்ல. ஒரு வேற்றுமை உருபுதான், ஆனால் அர்த்தமே மாறிவிடுகிறது. புற்றுநோயின் நடுவில் நன்றி சொல்வது வேறு, புற்றுநோய்க்கு நன்றி சொல்வது வேறு. உடனே எபேசியர் 5:20-ஐக் காட்டுவார்கள், அதில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதே பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லையே. அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் கெஞ்சினார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் வெறும் ஸ்தோத்திரத்தை எழுதி அனுப்பவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 18ஆம் வசனத்துக்கு நாலு வசனம் முன்னால், அதே அதிகாரத்தில், மனம் சோர்ந்தவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள் என்று இருக்கிறது. அது பார்க்க வருகிறவருக்கான வேலை. அதைத் தாண்டிக் குதித்து, நோயாளிக்கான வேலையை மட்டும் நினைவுபடுத்துவது என்ன நியாயம்?

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. சாட்சி கெட்டுவிடும் என்று டாக்டரிடமே வலியைக் குறைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுகம் கிடைத்துவிட்டது என்று மேடையில் சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை நின்றால் சர்க்கரை ஏறும். சாட்சி கேட்டுக் கை தட்டியவர்கள் அன்றைக்கு ஆஸ்பத்திரி பில் கட்ட வரமாட்டார்கள்.

நன்றிப் பாடலுக்கு உதாரணமாக மார்ட்டின் ரின்கார்ட்டைச் சொல்வதுண்டு. முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் ஐலன்பர்க் ஊரில் போதகராக இருந்தவர். 1637இல் கொள்ளைநோய் வந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார் என்பார்கள். அதில் அவர் மனைவியும் ஒருத்தி. அவர் எழுதிய நன்றிப் பாடல் இன்றைக்கும் பாடப்படுகிறது. ஆனால் அவர் ஓடிப்போகாமல் ஊரோடு இருந்து குழி வெட்டிய இடத்தில் நின்றவர். விசிட்டிங் அவரில் வந்துபோனவர் இல்லை.

நன்றி வராமல் போகாது. ஊசி ஏற்ற ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடித்த நர்ஸுக்காக வரும். முகம் சுளிக்காமல் பெட்பேன் எடுத்த அம்மாவுக்காக வரும். இருமல் இல்லாமல் தூங்கிய மூணு மணி நேரத்துக்காக வரும். டயாலிஸிஸ் முடிந்த அன்று, அளந்து குடிக்கும் அரை டம்ளர் தண்ணீரிலும் வரும். அது படுத்திருப்பவரின் வாயில் இருந்து, அவருக்குத் தோன்றும்போது வர வேண்டியது. வெளியில் இருந்து கேட்டு வாங்குவதற்கு அது காணிக்கைப் பை இல்லை.

பார்க்கப் போகிறவருக்கு வேலையா இல்லை? கஞ்சி கொண்டு போகலாம். மருந்துக்கடை வரிசையில் நிற்கலாம். மூணு ராத்திரி கண் விழித்த மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு ராத்திரி அந்த ஸ்டூலில் உட்காரலாம். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். கடவுளுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, வாயைத் திறந்த பிறகுதான்.