மாமல்லபுரம் மணலில் இருளர்களுக்கு உரிய இடம்

வார இறுதி வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் முகமே மாறிவிடுகிறது. கூரைமேல் கூடாரத்தை மடித்துக் கட்டிய ஜீப்புகள், இருபுறமும் பெட்டி மாட்டிய நெடுந்தூர மோட்டார் சைக்கிள்கள், படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேன்கள் என்று முட்டுக்காட்டைத் தாண்டித் தெற்கே போகும் வண்டிகள் கூடிக்கொண்டே இருக்கின்றன. விடுதி அறையைத் தேடாமல் திறந்த வெளியில் தங்க வேண்டும், நட்சத்திரங்களைப் பார்த்தபடி தூங்க வேண்டும் என்ற ஆசை நகரத்து இளைஞர்களிடம் வேர்பிடித்துவிட்டது.

உலகம் முழுவதும் இதற்கெனப் பெரிய கூடல்கள் நடக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஓவர்லேண்ட் எக்ஸ்போ’ நிகழ்வுக்கு, தங்கள் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து முகாமிடுகிறார்கள். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் முகாம் நடத்துவோர், கேரவன் சுற்றுலா நடத்துவோர், கேரவன் நிறுத்துமிடம் நடத்துவோர் எனத் தனித்தனிப் பிரிவுகளை வகுத்து, அவர்கள் பதிவு செய்ய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது.

இதெல்லாம் வரவேற்க வேண்டியதே. ஆனால், இந்தக் கடற்கரைக்கு முகாம் புதிதல்ல. ஒவ்வொரு மாசிப் பௌர்ணமிக்கும் மாமல்லபுரம் மணலில் ஆயிரக்கணக்கான இருளர் குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்தக் கூடலுக்கு நுழைவுச்சீட்டு இல்லை, விளம்பரதாரர் இல்லை. உறுதி செய்யப்பட்ட இடமும் இன்றுவரை இல்லை. முகாம் சுற்றுலாவைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு இது.

சொந்தங்கள் கூடும் மணல்: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் சிதறி வாழும் இருளர்கள் மாசி மகத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே புறப்பட்டுவிடுகிறார்கள். விழுப்புரத்திலிருந்து வரும் பாதையும் காஞ்சிபுரம் வழியாக வரும் பாதையும் சந்திக்கும் செங்கல்பட்டு ரயில் சந்திப்பில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து பிடிப்பவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு வேனோ குட்டியானையோ பிடித்து வருபவர்களும் உண்டு. பாய், பாத்திரம், அரிசி, விறகு, தண்ணீர்க் குடம், கைக்குழந்தை எல்லாம் ஒரே வண்டியில் ஏறிவிடும்.

கூடாரம் எழும்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மணலில் கொம்புகளை ஆழமாக ஊன்றி, குறுக்கே ஒரு கழியைக் கட்டி, அதன்மேல் பழைய சேலையை இழுத்துப் போடுகிறார்கள். காற்றில் பறக்காமல் இருக்க சேலையின் ஓரத்தில் மணலை அள்ளிக் குவிக்கிறார்கள். மூன்று கல் வைத்தால் அடுப்பு. கொஞ்ச நேரத்தில் வீடு தயார். பொழுது சாய்வதற்குள் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணல்வெளி பல வண்ணச் சேலைகளால் ஆன ஊராகிவிடுகிறது.

அவர்கள் வருவது கன்னியம்மனுக்காக. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அம்மனை, கரைக்குத் திரும்பி வரும்படி அழைக்கும் வழிபாடு இது என்பது அவர்கள் நம்பிக்கை. பௌர்ணமி இரவு முடிந்து விடியும் வேளையில், ஈர மணலைக் குவித்து ஏழு கன்னியருக்காக ஏழு படிகள் அமைக்கிறார்கள். மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். அருள் வந்து குறி சொல்பவர்களைச் சுற்றிக் குடும்பங்கள் கூடி நிற்கின்றன. அதே மணலில் கல்யாணங்கள் நடக்கின்றன. மண்டபம் இல்லை, சீர்வரிசைப் பட்டியல் இல்லை. சமூகத்துப் பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது, பெயர் வைப்பது, அடுத்த ஆண்டுக் கல்யாணத்துக்குப் பெண் பேசி முடிப்பது எல்லாமே இங்குதான். அதே மாசி மகத்தன்று தலசயனப் பெருமாள் கோயிலின் தீர்த்தவாரியும் இதே கடற்கரையில் நடக்கிறது.

வண்டி கட்டிக்கொண்டு போய் வழியிலும் வெளியிலும் தங்குவது தமிழர்களுக்குப் பழகிய வழக்கம். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குப் புறப்படும் நகரத்தார் காவடி இன்றும் வழிநெடுகத் தங்கிப் போகிறது. மகா சிவராத்திரிக்குக் கமுதிப் பகுதியிலிருந்து உசிலம்பட்டி அருகேயுள்ள பாப்பாபட்டிக்குக் கூண்டு வண்டி கட்டி வரும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டங்களுக்குச் சத்திரம், மடம், ஊர் உறவு என்று ஏதோ ஓர் ஆதரவு வழியில் உண்டு. இருளர்களுக்கு இருப்பது மணல் மட்டும்தான்.

விடுப்பே இல்லாதவர்களின் விடுப்பு: இருளர்கள் யார் என்பதை நாடு அறியாமல் இல்லை. தமிழ்நாட்டில் பாதிப்புக்கு அதிகம் உள்ளாகும் நிலையிலுள்ள தொல்குடிகளாக அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் இருளரும் ஒருவர். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிப்புக்கு அளித்துவருகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே சென்று, அங்கு பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க உதவினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருது பெற்றவர்கள் இருவர். அதே சமூகத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தோடு உழைத்தவர்கள் ஏராளம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் வட மாவட்டங்களில் அதிகாரிகள் மீட்ட தொழிலாளர்களில் இருளர் குடும்பங்கள் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைவது இன்னும் தீரவில்லை. 2021 நவம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு நேரில் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் வழங்கியது பெரிய செய்தியானது. அது செய்தியானதே, அதுவரை அவை கிடைக்காமல் இருந்ததால்தான்.

இப்படிப்பட்ட மக்களுக்கு மாசி மகம் என்பது சாமி கும்பிடும் நாள் மட்டுமல்ல. ஆண்டு முழுவதும் வெவ்வேறு சூளைகளில், வெவ்வேறு ஊர்களில் பிரிந்து கிடக்கும் அண்ணனும் தங்கையும், மாமனும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளும் நாள் அது. யார் எங்கே வேலைக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற தகவல் கைமாறும் இடமும் அதுதான்.

சுருங்கும் கரை: அந்த இடம் சுருங்கிவருகிறது. கடற்கரைக் கோயிலைக் கடலரிப்பிலிருந்து காக்கக் கல் கொட்டி அரண் அமைத்தார்கள். நினைவுச்சின்னத்தைச் சுற்றி வேலி வந்தது. இவை தேவையானவை. 1984இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த சிற்பங்களைக் காப்பது அரசின் கடமை. மறுபுறம் விடுதிகளும் உணவகங்களும் கடலை நோக்கி நெருங்குகின்றன. மீனவர்களுக்குப் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடம் வேண்டும். இத்தனைக்கும் நடுவில், ஆண்டுக்குச் சில இரவுகள் மட்டும் வருபவர்களின் உரிமையைப் பேச ஆள் இல்லை. காட்டில் வாழும் பழங்குடியினரின் வழக்காற்று உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கடற்கரை மணலில் தலைமுறைகளாகக் கூடும் வழக்கத்துக்கு அப்படி ஓர் எழுத்துப்பூர்வமான ஏற்பு இல்லை.

அண்மை ஆண்டுகளில் அரசுத் துறைகளும் உள்ளாட்சி நிர்வாகமும் குடிநீர், தற்காலிகக் கழிப்பறை, விளக்கு என்று சில ஏற்பாடுகளைச் செய்கின்றன. நல்லது. ஆனால் அந்தந்த ஆண்டு பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளின் அக்கறையைப் பொறுத்தே அது அமைகிறது என்றால், அதை உரிமை என்று சொல்ல முடியாது.

மாமல்லபுரத்தை ஒழுங்குபடுத்த முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது ஊரே புதுப்பிக்கப்பட்டது. 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் பூஞ்சேரியில் நடந்தபோது, 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளைக் குறையில்லாமல் உபசரித்தார்கள். உத்தரப் பிரதேச அரசு 2025 மகா கும்பமேளாவுக்காக, மேளா நடக்கும் பகுதியையே தற்காலிகத் தனி மாவட்டமாக அறிவித்தது. மாசிப் பௌர்ணமி என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. திட்டமிட அவகாசம் போதவில்லை என்ற காரணமே இங்கு எழாது.

செய்ய வேண்டியவை: முதலில், மாசி மகத்தை ஒட்டிய நாள்களுக்குக் கடற்கரையின் குறிப்பிட்ட பகுதியை இருளர் கூடலுக்கென மாவட்ட நிர்வாகம் அரசாணையின் துணையோடு ஒதுக்க வேண்டும். நிரந்தரக் கட்டடம் எதுவும் வேண்டாம். கடலோர ஒழுங்காற்று விதிகளுக்கும் அதுவே பொருத்தம். போதுமான தண்ணீர்த் தொட்டிகள், பெண்களுக்குக் கூடாரங்களுக்கு அருகிலேயே கழிப்பறைகள், கடலில் குளிப்போரைக் கவனிக்க உயிர்காக்கும் வீரர்கள், ஒரு மருத்துவ முகாம், செங்கல்பட்டிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் ஆகியவை போதும். சாதிச் சான்றிதழ், ஆதார், பட்டா மனுக்கள், கொத்தடிமைப் புகார்கள் ஆகியவற்றுக்குக் கூடலின் ஓரத்தில் ஒரு சேவை முகாம் வைத்தால், பலருக்கு ஓராண்டு அலைச்சல் மிச்சமாகும். இவை எல்லாவற்றையும் இருளர் சங்கங்களுடன் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கான கலைவிழாவாக இதை மாற்றிவிடக் கூடாது.

விளக்கு வைப்பதிலும் கவனம் வேண்டும். மாசி மாதம் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் வருகிறது. கரையில் எரியும் பளிச்சென்ற வெளிச்சம் ஆமைக் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறந்துவிட முடியாது. விளக்குகளைத் தாழ்வாக, கடலுக்கு முதுகு காட்டி வைக்கலாம்.

ஜீப்பிலும் கேரவனிலும் வருபவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஈர மணலில் வண்டி ஓட்டுவது வீரமல்ல. மணலுக்கு அடியில் ஆமை முட்டை இருக்கலாம், மேலே மீனவரின் வலை இருக்கலாம். கடற்கரையில் தங்க விரும்புவோர் பதிவு பெற்ற முகாம்களில் தங்கலாம். மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக்கு வருவோர் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, விருந்தாளிகளாக நடந்து வரட்டும். தாலி கட்டிக்கொள்ளும் பெண்ணின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவதற்கு முன்பு அனுமதி கேட்பது குறைந்தபட்ச மரியாதை. ட்ரோன் பறக்கவிடுவதைக் காவல்துறை அந்த நாள்களில் முழுமையாகத் தடுக்க வேண்டும்.

தமிழ்நாடு கேரவன் நிறுத்துமிடங்களை அமைக்கட்டும். முகாம் சுற்றுலாவை வளர்க்கட்டும். அதற்கு முன்பாக, அடுத்த மாசிப் பௌர்ணமிக்குள், கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணலில் இருளர்களுக்கு உரிய இடத்தை அரசாணையாகவே எழுதித் தர வேண்டும். ஆண்டுக்குச் சில இரவுகள்தான் அவர்கள் கேட்பது. அதைக் கொடுக்க அரசுக்குப் பெரிய செலவில்லை; தள்ளிப்போட நியாயமும் இல்லை.