அலர்ஜி டெஸ்ட்டில் பாசிட்டிவ்... எல்லா உணவையும் நிறுத்தணுமா டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சப்பாத்தி, சிக்கன் சாப்பிட்டால் நெஞ்சில் சிக்குகிறது என்பான். எண்டோஸ்கோப்பி செய்து, 'இயோசினோஃபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ்' என்றார்கள். அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் 14 உணவுகள் பாசிட்டிவ். அத்தனையையும் நிறுத்தியதில் எடை குறைந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி 14 உணவுகளை நிறுத்தத் தேவையில்லை. இயோசினோஃபில் என்பது ஒருவகை வெள்ளையணு. உணவுக்குழாயில் இருக்கக் கூடாத இந்த அணுக்கள் அங்கே சேர்ந்து வீக்கத்தை உண்டாக்குவதுதான் இந்த நோய். எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் இதை உறுதிசெய்ய முடியும்.

ரத்தப் பரிசோதனையும், தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டும், சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பு, மூச்சுத்திணறல் வருகிற உடனடி அலர்ஜிக்கானவை. இந்த நோயோ மெதுவாக வருவது. டெஸ்ட்டில் பாசிட்டிவான உணவு நிரபராதியாக இருக்கலாம். நெகட்டிவான பால் குற்றவாளியாக இருக்கலாம்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகப்படும் உணவை, பெரும்பாலும் முதலில் பாலை, 8 முதல் 12 வாரங்கள் முழுமையாக நிறுத்தி, மறுபடி எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள். பால் என்றால் தயிர், மோர், நெய், பிஸ்கட்டில் இருக்கும் பால் பவுடர் வரை சேர்த்திதான். கோதுமையை நிறுத்தச் சொன்னால் கூட்டுப் பெருங்காயத்தையும் கவனியுங்கள். அதில் மைதா கலந்திருக்கும். கால்சியம், புரதம் குறையாமலிருக்க டயட்டீஷியன் உதவி அவசியம்.

உணவை நிறுத்துவது மட்டுமே வழியல்ல. அமிலத்தைக் குறைக்கும் மருந்து, விழுங்கும் ஸ்டீராய்டு ஆகியவையும் பலன் தருகின்றன. ஸ்டீராய்டு கொடுத்தபின் அரை மணி நேரம் சாப்பிடவோ, குடிக்கவோ கூடாது. டுபிலுமாப் என்ற ஊசிக்கு, 15 கிலோவுக்குக் குறையாத, 1 வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் 2024-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

நிறுத்திய உணவுகளை நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அப்போது உடனடி அலர்ஜி வரலாம். எடைக் குறைவைச் சொல்லி, குழந்தைகள் நல வயிறு, குடல் மருத்துவரிடம் எதை முதலில் கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

உணவு சிக்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால் சோற்று உருண்டையோ, வாழைப்பழமோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.