பிளேயர் இலவசம்தான்... செலவு?

நான் படிப்பது பி.காம். கணினி பற்றி நான் எழுதினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை. விலை வேறு, செலவு வேறு என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீடியோ பிளேயர் விஷயத்தில்தான் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன செமஸ்டர், காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி. நான் மட்டம் போட்ட ஒரு வகுப்பை நண்பன் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தான். பென் டிரைவில் வாங்கி வந்து போட்டால், சார் குரல் மட்டும் கேட்கிறது. திரை ஒரே கறுப்பு. போர்டு தெரியாமல் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது? கோடெக் வேண்டும், அதற்குக் காசு வேண்டும் என்றது கணினியோடு வந்த பிளேயர்.

'இலவச பிளேயர்' என்று தேடி, முதலில் வந்த தளத்தில் பெரிய பச்சைப் பட்டனை அழுத்தினேன். பிளேயர் வந்தது. கூடவே அழையா விருந்தாளிகளும் வந்தார்கள். பிரவுசரின் முகப்பு மாறிவிட்டது, திரையின் மூலையில் விளம்பரம் குதித்தது. எல்லாவற்றையும் துரத்தி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் அந்தப் பாடத்தில் வந்த 10 மார்க் கேள்வியை விட்டுவிட்டு வந்தேன். விலை பூஜ்யம், செலவு 10 மார்க்!

பிறகுதான் விஷயம் புரிந்தது. எம்.பி.4 என்பது டிபன் கேரியர் மாதிரி. வெளியே பார்க்க ஒன்றுதான். உள்ளே சாம்பார் சாதமா, புளியோதரையா என்பது திறந்தால்தான் தெரியும். 2003-ல் வந்த ஹெச்.264 முறையில் சுருக்கிய வீடியோ கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஓடிவிடும். இப்போது பல செல்போன்கள் 2013-ல் வந்த ஹெச்.இ.வி.சி. முறையில் பதிவு செய்கின்றன. கோப்பு சின்னதாகிறது, ஆனால் அதை விரிக்கத் தெரிந்த கோடெக் வேண்டும். அந்த முறைக்குப் பலர் காப்புரிமை வைத்திருப்பதால்தான் காசு கேட்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: தினசரி உபயோகத்துக்கு வி.எல்.சி. ஒன்று போதும். கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, தனியாகத் தேட வேண்டாம். விளம்பரம் இல்லை. '[', ']' விசைகளால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மெதுவாகப் பேசும் சார்களுக்கு இது வரப்பிரசாதம். சப்டைட்டில் முன்னே பின்னே வந்தால் ஜி, ஹெச் விசைகளால் சரி செய்துவிடலாம்.

இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்? காமர்ஸ்காரன் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே! 1996-ல் எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் மாணவர்கள் கல்லூரி நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பத் தொடங்கிய வேலை இது. அவர்கள் எங்கிருந்தோ தூக்கி வந்து சேர்த்த சாலைக் கூம்புகள்தான் அந்த ஆரஞ்சு ஐகான். 2001-ல் மூல நிரலைப் பொதுவில் வைத்தார்கள். இன்று வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, தன்னார்வலர்களையும் நன்கொடையையும் நம்பி நடத்துகிறது. மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால் எனக்கு நம்பிக்கை.

குறையே இல்லையா? இருக்கிறது. தோற்றம் பழையது. ரொம்பப் பழைய கணினியில் எம்.பி.சி-ஹெச்.சி. இன்னும் லேசாக ஓடும். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வாழ்கிறவர்களுக்கு எம்.பி.வி. பிடிக்கும். கணினிக்கே சக்தி இல்லையென்றால் 4கே வீடியோ எதில் போட்டாலும் திக்கும், பிளேயரைத் திட்டிப் பயனில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீடியோலேனின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். 2022-ல் இந்தியாவில் அந்தத் தளம் பல மாதம் தடைபட்டிருந்தது. நவம்பரில் தடை நீங்கியது. இப்போது சாக்குச் சொல்ல முடியாது. பச்சைப் பட்டனை நம்பாதீர்கள்.

'எல்லாம் யூடியூபில் இருக்கிறதே, பிளேயர் எதற்கு?' என்பார்கள். எங்கள் அம்மா அப்பா கல்யாண சி.டி. யூடியூபில் இல்லை. டி.ஏ.டி. என்று முடியும் அந்தப் பழைய கோப்பு பல வருடமாக யாரும் திறக்காமல் கிடந்தது. போன மாதம் வி.எல்.சி.யில் இழுத்துப் போட்டேன், மறுபேச்சு இல்லாமல் ஓடியது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட தாத்தா, பந்தி விசாரித்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி நடந்து போனார். "அங்கேயே நிறுத்துடா" என்றார் அம்மா.

ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.